உஷ்... கம்ப்யூட்டர் சத்தம் போடக் கூடாது!



இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கிறது? சுவர்க் கடிகாரத்தின் ‘டிக் டிக்’, மேலே சுழலும் மின்விசிறியின் ‘கிர்ர்’, ஃபிரிட்ஜின் ‘உம்ம்’... கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருந்தால் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலும் சேர்ந்து வரும்.

“கம்ப்யூட்டர் என்ன மாவு அரைக்கிறதா? அதற்கு எதற்குச் சத்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்குப் போடுவதற்குச் சத்தம் தேவையில்லை. சத்தம் போடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டரின் மூளைக்கு விசிறிவிடும் மின்விசிறிதான். அந்த விசிறியிடம், ‘வேகமாகச் சுற்று’, ‘மெதுவாகச் சுற்று’ என்று கட்டளை போடுவது யார் தெரியுமா? மதர்போர்டு!

நல்ல மதர்போர்டைத் தேர்ந்தெடுத்தால் கம்ப்யூட்டர் ஓடுவதே தெரியாத அளவுக்கு அமைதியாக இருக்கும். எப்படி என்று பார்ப்போமா?

மூளைக்கு ஏன் சூடு?

மேசை அருகே இருக்கும் பெட்டியைத்தான் நாம் எல்லோரும் ‘சி.பி.யு.’ என்கிறோம். உண்மையில் சி.பி.யு. என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பிராசசர். பெட்டியின் பெயர் கேபினட். கேபினட்டுக்குள் ஒரு பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகை இருக்கும். பிராசசர், நினைவகம் எல்லாவற்றையும் மடியில் வைத்துக் கொண்டிருக்கும் அந்தப் பலகைதான் மதர்போர்டு.

பிராசசருக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு, சுமார் கட்டைவிரல் நகம் அளவுதான். ஆனால், மேசைக் கணினிகளுக்கான பல பிராசசர்களுக்கு 65 வாட் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பைப் பற்றித் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். எரியும்போது தொட்டால் கை சுட்டுவிடும் என்பார்கள். அவ்வளவு வெப்பமும் ஒரு நகம் அளவு இடத்திலிருந்து கிளம்பினால் என்ன ஆகும்!

சூடான காபியை டம்ளரிலிருந்து டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறது அல்லவா? பரப்பு அதிகமானால் வெப்பம் விரைவாக வெளியேறும். அதே வித்தைதான் இங்கும். பிராசசரின் மேல் ‘ஹீட் சிங்க்’ என்ற உலோகப் பொருள் உட்கார்ந்திருக்கும். அலுமினியத் தகடுகள் பல, சீப்பின் பற்கள்போல் வரிசையாக நிற்கும். பிராசசரின் சூடு இந்தத் தகடுகளில் பரவும். மின்விசிறி காற்றை ஊதி அந்தச் சூட்டை வெளியே தள்ளும்.

விசிறி நின்றுவிட்டால்? பல பிராசசர்களுக்கு எல்லைக்கோடு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை. அதை நெருங்கினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், தன்னைக் காப்பாற்றிக் கொள்ளக் கம்ப்யூட்டர் அணைந்தே போகும். ஆகவே, விசிறி வேண்டவே வேண்டும். ஆனால், எப்போதும் முழு வேகத்தில் சுற்ற வேண்டுமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வேகம் பாதி, சத்தம்?

சத்தத்தை டெசிபல் என்ற அலகால் அளக்கிறோம். பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும்.

ஒரு மின்விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழ பாதியாகும். ஆனால், சத்தம் சுமார் 15 டெசிபல் குறைந்துவிடும்! காற்றில் நாம் இழப்பது பாதி. அமைதியில் கிடைக்கும் லாபமோ அதைவிடப் பெரிது.

இப்போது ஒரு கணக்கு. ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் ஒரே வேகத்தில் சுற்றினால், ஒரு விசிறியின் சத்தத்தைவிட 3 டெசிபல்தான் கூடும். அப்படியென்றால், ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில், இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓட்டினால்? மொத்தக் காற்று கிட்டத்தட்ட அதே அளவு. சத்தத்தில் 15 குறைகிறது, 3 கூடுகிறது. ஆக 12 டெசிபல் லாபம்!

அதேபோல் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். 80 மில்லிமீட்டர் விசிறியின் பரப்போடு ஒப்பிட்டால் 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு 2.25 மடங்கு. நம்பிக்கை இல்லையென்றால் 120-ஐ 80-ஆல் வகுத்து, வந்த விடையை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள்.

ரெகுலேட்டரைத் திருப்புவது யார்?

வீட்டு மின்விசிறிக்குச் சுவரில் ரெகுலேட்டர் இருக்கிறது. வெயில் காலத்தில் 5-ல் வைக்கிறோம். மழை பெய்தால் 2-க்குத் திருப்புகிறோம். கம்ப்யூட்டருக்குள் கை விட்டு அப்படித் திருப்ப முடியாதே! அதற்காகத்தான் மதர்போர்டில் ஒரு சின்னக் காவல்காரர் இருக்கிறார். அது ஒரு சில்லு. தைவான் நாட்டைச் சேர்ந்த நுவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்கள் இத்தகைய சில்லுகளைத் தயாரிக்கின்றன.

இந்தக் காவல்காரரின் வேலை மூன்றே மூன்று. முதலில், வெப்பநிலை எவ்வளவு என்று உணரிகளைக் கேட்பார். அடுத்து, ‘இவ்வளவு சூட்டுக்கு இவ்வளவு வேகம்’ என்ற பட்டியலைப் பார்ப்பார். பிறகு, விசிறிக்குக் கட்டளை அனுப்புவார். உடனே மறுபடியும் முதல் வேலைக்குப் போய்விடுவார். கம்ப்யூட்டர் ஓடும்வரை அவருக்கு ஓய்வே கிடையாது.

மூன்று பின், நான்கு பின்

கட்டளை எப்படிப் போகிறது? விசிறியிலிருந்து வரும் ஒயர்களை எண்ணிப் பாருங்கள். சிலவற்றில் மூன்று இருக்கும். சிலவற்றில் நான்கு இருக்கும்.

முதல் இரண்டு ஒயர்கள் 12 வோல்ட் மின்சாரம் கொண்டு வருபவை. மூன்றாவது ஒயர், ‘நான் இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன்’ என்று விசிறி மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் அதில் போகும். ஒரு வினாடியில் 40 துடிப்புகள் வந்தால்? 20 சுற்று. நிமிடத்துக்கு 1200 சுற்று!

மூன்று ஒயர் விசிறியை மெதுவாக்க, மதர்போர்டு 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். 7 வோல்ட் கொடுத்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். மிகவும் குறைத்துவிட்டால் நின்றே போகும்.

நான்காவது ஒயர் உள்ள விசிறியின் கதை வேறு. அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட் கிடைக்கும். நான்காவது ஒயர் வழியாக, ‘ஓடு... விடு... ஓடு... விடு...’ என்று மதர்போர்டு சொல்லிக் கொண்டே இருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையால் தட்டி விளையாடியிருக்கிறீர்களா? அடிக்கடி தட்டினால் வேகமாகச் சுற்றும். எப்போதாவது தட்டினால் மெதுவாகச் சுற்றும். தட்டாத நேரத்திலும் சக்கரம் நின்றுவிடுவதில்லை. அதுபோலத்தான் இதுவும். ‘ஓடு’ என்று சொல்லும் நேரம் அதிகமானால் வேகம் கூடும். குறைந்தால் வேகமும் குறையும். இந்த முறைக்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர்.

இன்டெல் நிறுவனம் வகுத்த விதிமுறைப்படி, இந்தக் கட்டளை வினாடிக்குச் சுமார் 25,000 முறை போகும். ஏன் அவ்வளவு? நம் காதுக்கு வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். 25,000 என்பது அதற்கும் மேலே. ஆகவே, கட்டளை போடும் சத்தம் நமக்குக் கேட்காது!

கிராஃப் தாளில் ஒரு கோடு

‘இவ்வளவு சூட்டுக்கு இவ்வளவு வேகம்’ என்ற பட்டியலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதை நாமே மாற்றலாம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ‘டெலிட்’ அல்லது ‘எஃப்2’ பொத்தானை அழுத்தினால், பல மதர்போர்டுகளில் பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். அதில் விசிறிக்கென ஒரு பக்கம் இருக்கும். நல்ல மதர்போர்டு என்றால், கிராஃப் தாளில் உள்ளதைப் போல ஒரு கோட்டைக் காட்டும். குறுக்கே வெப்பநிலை, மேலே வேகம். புள்ளிகளை நாமே நகர்த்தி வைக்கலாம்.

உதாரணமாக, 50 டிகிரியில் 30 சதவீதம், 65 டிகிரியில் 40 சதவீதம், 75 டிகிரியில் 70 சதவீதம், 85 டிகிரியில் 100 சதவீதம். நீங்கள் கட்டுரை தட்டச்சு செய்யும்போது விசிறி முணுமுணுக்கும். பெரிய வேலை கொடுத்தால் மட்டும் குரல் உயர்த்தும்.

நம் ஊருக்கு இந்தக் கோடு ரொம்ப முக்கியம். 22 டிகிரி அறையில் 55 டிகிரி காட்டும் பிராசசர், அதே வேலையை, அதே விசிறி வேகத்தில், நம் சித்திரை மாதத்து 38 டிகிரி அறையில் செய்தால் சுமார் 71 டிகிரி காட்டும். அறையில் ஏறிய 16 டிகிரி பிராசசரிலும் அப்படியே ஏறும். குளிர்ந்த அறைக்குப் போட்ட கோடு வெயில் காலத்துக்குச் சரிப்படாது. கோட்டை மாற்ற இடம் கொடுக்காத மதர்போர்டாக இருந்தால், கோடை முழுவதும் இரைச்சல்தான்!

இன்னொரு விஷயம். சீரான சத்தத்தைக் காது பழகிக் கொள்ளும். ‘உஸ்’ என்று ஏறி, ‘புஸ்’ என்று இறங்கி, மறுபடியும் ஏறும் சத்தம்தான் எரிச்சல் தரும். இதைத் தவிர்க்க நல்ல மதர்போர்டில் தாமத வசதி உண்டு. சூடு ஏறியவுடன் பதறாமல், சில வினாடிகள் பொறுத்துப் பார்த்து விசிறியை முடுக்கும். 65 டிகிரியில் கூட்டிய வேகத்தை 64-ல் குறைக்காமல், 60 வரை காத்திருந்து குறைக்கும் வசதியும் சிலவற்றில் இருக்கும்.

காதால் படிக்கும் மாணவி

“லேசான இரைச்சல்தானே டீச்சர், அதற்கு இவ்வளவு பாடா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருவருக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கம்ப்யூட்டரில் படிக்கிறார். அந்த மென்பொருளை 2006-ல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கர்ரன் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர், அவரும் பார்வையற்றவரே. தமிழையும் அது வாசிக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்க மாணவியின் வீட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினார்கள். நான் பார்க்கப் போனபோது அது ‘உய்ய்’ என்று ஊதிக் கொண்டிருந்தது. “இந்தப் பெட்டி வாயை மூடினால்தான் டீச்சர், அந்தக் குரல் என் காதில் விழும்” என்றார். அவர் பாடத்தை மிக வேகமாக வாசிக்க வைத்துக் கேட்பவர். ஒரு சொல் இரைச்சலில் முழுகினால் மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும். “ஹெட்போன் மாட்டிக் கொள்ளேன்” என்றேன். “நாள் முழுக்க மாட்டினால் காது வலிக்கிறது. அதோடு, அம்மா கூப்பிட்டாலும் கேட்பதில்லை, வாசலில் யாராவது வந்தாலும் தெரிவதில்லை” என்றார். நமக்குக் கண் எப்படியோ, அவருக்குக் காது அப்படி. அந்த இரைச்சல், அவருடைய புத்தகத்தின்மேல் கொட்டிய மை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய தம்பி, மதர்போர்டின் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த மதர்போர்டில் விசிறி மாட்ட இரண்டே இடங்கள். பிராசசர் விசிறிக்கான இடத்தில் மட்டுமே வேகக் கட்டுப்பாடு இருந்தது. கேபினட் விசிறியை மாட்டிய இடத்தில் அது இல்லை. ஆகவே, அந்த விசிறி இரவு பகலாக முழு வேகத்தில் சுற்றிக் கொண்டிருந்தது!

தம்பி என்ன செய்தார்? நான்கு ஒயர் உள்ள 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றும், ஓர் இடத்தில் இரண்டு விசிறிகளை மாட்ட உதவும் ‘ஒய்’ வடிவ ஒயர் ஒன்றும் வாங்கினார். மதர்போர்டின் அந்த இடம் 1 ஆம்பியர் வரை தாங்கும் என்று கையேட்டில் இருந்தது. இரண்டு விசிறிகளின் மேலும் எழுதியிருந்த ஆம்பியரைக் கூட்டிப் பார்த்தார். 1-க்குக் கீழேதான் வந்தது. இரண்டையும் பிராசசர் விசிறிக்கான இடத்திலேயே மாட்டி, பயாஸில் கோட்டை மாற்றினார்.

பெட்டியை மூடிப் போட்டதும் அக்கா கேட்டார்: “கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாயா, இல்லையா?”

வாங்கும்முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

உங்கள் வீட்டில் புதிய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களா? மதர்போர்டின் பெட்டிமேல் இதெல்லாம் விளக்கமாக இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் கையேடு இலவசமாகக் கிடைக்கும். பெரியவர்களோடு உட்கார்ந்து படித்து, இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. விசிறி மாட்ட எத்தனை இடங்கள்? பிராசசருக்கு ஒன்று, கேபினட்டுக்குக் குறைந்தது இரண்டு இருந்தால் நல்லது.

2. எல்லா இடங்களிலும் வேகக் கட்டுப்பாடு உண்டா? நான்கு பின் இருப்பதால் மட்டும் நான்காவது ஒயரின் முறை வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மூன்று ஒயர், நான்கு ஒயர் இரண்டு முறைக்கும் மாற்றிக் கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது.

3. கோட்டை நாமே வரையலாமா? ‘அமைதி’, ‘சாதாரணம்’, ‘முழு வேகம்’ என்று மூன்று பொத்தான்கள் மட்டும் இருந்தால் போதாது. இந்த வசதிக்கு நிறுவனங்கள் வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. ஏசுஸ் ‘கியூ ஃபேன்’ என்கிறது. கிகாபைட் ‘ஸ்மார்ட் ஃபேன்’ என்கிறது. ஏஎஸ்ராக் ‘ஃபேன்-டாஸ்டிக் டியூனிங்’ என்கிறது. கையேட்டில் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்.

4. எந்த உணரியைப் பார்த்து எந்த விசிறி சுற்ற வேண்டும் என்று தேர்வு செய்யலாமா? கேபினட் விசிறி, பிராசசரின் சூட்டைப் பார்க்காமல் பலகையின் சூட்டைப் பார்த்துச் சுற்றினால், அடிக்கடி வேகம் மாறாது.

5. எவ்வளவு குறைந்த வேகம் வரை இறக்கலாம்? சில மதர்போர்டுகள் ஓர் அளவுக்குக் கீழே இறங்க விடாது.

6. தாமத வசதி உண்டா?

7. மதர்போர்டின் மேலேயே குட்டி விசிறி இருக்கிறதா? 2019-ல் வந்த எக்ஸ்570 வகை மதர்போர்டுகள் பலவற்றில் அப்படி ஒன்று இருந்தது. குட்டி விசிறி வேகமாகச் சுற்றினால் கொசுபோல் ரீங்காரமிடும். விசிறி இல்லாமல் உலோகத் தகடு மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

விலை அதிகமான மதர்போர்டு என்றால் எல்லாம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். குறைந்த விலையில் நல்ல கட்டுப்பாடு உள்ளவையும் உண்டு. கையேட்டைப் படித்தவருக்கே அது தெரியும்!

கவனம்... கவனம்!

* சத்தம் வருகிறதே என்று விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள். ஓடும் விசிறிக்குள் விரலோ பென்சிலோ விடக் கூடாது.

* மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். பொதுவாக அதன் விசிறியை மதர்போர்டு கட்டுப்படுத்துவதில்லை. சத்தம் அங்கிருந்து வந்தால் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

* தூசி படிந்த ஹீட் சிங்கில் காற்று புகாது. சூடு ஏறும், விசிறியும் கத்தும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெரியவர் ஒருவர் துணையோடு மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். விசிறியின் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக் கொள்ளுங்கள்.

* கேபினட்டை மேசையின் மூடிய அறைக்குள் திணிக்காதீர்கள். பின்னால் வரும் சூடான காற்றையே அது மறுபடியும் இழுக்கும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள்.

செய்து பாருங்கள்

கணக்கு நோட்டின் கிராஃப் தாளில், மேலே சொன்ன நான்கு புள்ளிகளையும் வைத்து, அளவுகோலால் இணையுங்கள். பிறகு இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லுங்கள்.

அ) பிராசசர் 70 டிகிரியில் இருந்தால் விசிறியின் வேகம் எத்தனை சதவீதம்?

ஆ) மூன்றாவது ஒயரில் வினாடிக்கு 30 துடிப்புகள் வருகின்றன. விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது?

விடைகள்: அ) 55 சதவீதம். ஆ) 900 சுற்று.